மச்சம் என்று எழுதிய கோப்பு

ஒரு பெண்ணின் காலில் இருந்த புற்றுநோயை மச்சம் என்று நான் எழுதினேன். தெரியாமல் செய்த பிழை இல்லை அது. சரியான அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, வேறொன்றைத் தட்டச்சு செய்தேன். அதற்காக யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. கேட்டார்கள், செய்தேன்.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் ஆவணப் பிரிவின் பொறுப்பில் இருந்தேன். விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தவன். ஊரில் என்னை ‘ரெக்கார்டு ரூம் சார்’ என்பார்கள். மருத்துவர் வார்த்தையில் எழுதுகிற நோயை, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு எழுத்தும் எண்ணுமாக மாற்றிப் பதிவது என் வேலை. இப்போது எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளை மெடிக்கல் கோடிங் படித்துவிட்டுச் சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உட்கார்ந்து அமெரிக்காக்காரனின் நோய்க்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறது. நான் தொடங்கிய நாளில் அந்தப் பேச்சே கிடையாது. கோப்புகள் தொலைந்து போகாமலிருக்க நான் நம்பர் போடுகிறேன் என்றுதான் என் மனைவி கடைசிவரை நினைத்திருந்தாள்.

இந்தக் கதைக்கு மூன்று எண்கள் போதும். காலில் மெலனோமா என்ற தோல் புற்று வந்து, அது மேல்தோலைத் தாண்டாமல் பிறந்த இடத்திலேயே நின்றால் டி 03.7. தாண்டி உள்ளே இறங்கிவிட்டால் சி 43.7. காலில் இருப்பது வெறும் மச்சம் என்றால் டி 22.7. முதல் நிலையில் கண்டுபிடித்து வெட்டியெடுத்துவிட்டால் பெரும்பாலும் ஆள் தப்பித்துவிடலாம். ஆனால் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு ஒரு ஏற்பாட்டை நானே செய்திருந்தேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, புற்றுநோய்க்கும் அதன் தொடக்க நிலைக்கும் உரிய எண்கள் உள்ள எல்லாப் பெயர்களையும் கணினியிலிருந்து எடுப்போம். வரவேற்பில் இருக்கும் பெண் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, உங்களுக்குச் செக்கப் நாள் வந்துவிட்டது என்பாள். பிணங்கினால் மறுபடியும் கூப்பிடுவாள். அந்தப் பட்டியலைப் பற்றி எனக்கு நிரம்பப் பெருமை இருந்தது. யார் வந்தாலும் காட்டுவேன்.

என் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நானே எடுத்தேன்.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஊர் அருமனை. ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பாவும் அம்மாவும் இல்லை. ரப்பர் ஷீட் வியாபாரம் செய்த அண்ணன்தான் வளர்த்துப் படிக்கவைத்தான். அவன் நான் படித்த பள்ளியில் எனக்குப் பல வருடம் பின்னால் படித்தவன். அந்தப் பழக்கம் உண்டு. தங்கையின் இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி பரவிக்கொண்டு வந்தது. எங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. தொடக்க நிலை மெலனோமா, மேல்தோலைத் தாண்டவில்லை, ஒரு பக்கம் வெட்டிய விளிம்புக்கு மிக நெருக்கம், தொடர்ந்து கண்காணிக்கவும். மருத்துவர் அண்ணனை மட்டும் கூப்பிட்டு, இந்த நிலையில் கண்டது உங்கள் பாக்கியம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொண்டு வந்து காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து அவன் நேராக என் அறைக்கு வந்தான்.

“அண்ணாச்சி, ஒரு உதவி வேணும். மாட்டேன்னு சொல்லப்பிடாது.”

“காரியத்தைச் சொல்லு.”

“எனக்க தங்கச்சிக்குக் கன்னியாகுமரியில ஒரு எடம் ஒத்து வந்திருக்கு. லாட்ஜில மேனேஜரு. நல்ல பயலாக்கும். வாற மாசம் நிச்சயம். இந்த நோவுக்க பேரு தாளுல கெடந்தா எல்லாம் முடிஞ்சு.”

“டாக்டர் எழுதினதை நான் என்னடே செய்ய?”

“மாப்பிளைக்கச் சித்திக்க மக இஞ்ச நர்ஸா நிக்கா. ஃபைல எடுத்துப் பாக்காம விடுவாளா? நீங்க ஒங்க மகளுக்கு மாப்பிள பாத்தப்போ விசாரிக்கலியா?”

விசாரித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாண விசாரிப்பு என்றால் தெருவில் கேட்பது, வேலையிடத்தில் கேட்பது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கேட்பது. எல்லாக் குடும்பத்துக்கும் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸோ லேப் டெக்னீஷியனோ சொந்தமாக இருப்பார்கள். பையனுக்கு வலிப்பு உண்டா, பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் கட்டி உண்டா என்று கோப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். என் மகளுக்கு வரன் வந்தபோது நாகர்கோவிலில் என்னைப் போன்ற இன்னொரு ஆவணக்காரரிடம் நானே கேட்டு, மாப்பிள்ளையின் கோப்பைப் பார்க்கச் செய்தேன். அவர் பார்த்துச் சொன்னார். அது தவறு என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

“அந்தப் பெண்ணுக்கு விவரம் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. தெரியாண்டாம். தெரிஞ்சா நேரா மாப்பிளகிட்டப் போயி சொல்லிப்போடுவா. அவளுக்க கொணம் அது.”

“டிஸ்சார்ஜ் சம்மரியை வாசிப்பாள்லா?”

“அதுக்குத்தானே ஒங்ககிட்ட வந்தேன். படிக்காதவளா இருந்தா எனக்கு என்ன பாடு? இந்த ஆஸ்பத்திரியில நீங்க எழுதினதுதானே நிக்கும், அண்ணாச்சி.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை. இரக்கப்பட்டுச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இரக்கமும் இருந்திருக்கும். ஆனால் மருத்துவர் சொன்ன ஒன்றை மாற்றுகிற அதிகாரம் என் மேசையில் இருக்கிறது என்று ஒருவன் சொன்னது அதைவிட இனிப்பாக இருந்தது.

சம்மரியை நானே தட்டச்சு செய்தேன். ‘இடது குதிகாலில் மச்சம், அகற்றப்பட்டது, பரிசோதனையில் தீங்கற்றது.’ எண் டி 22.7. அடுத்த வருகை என்ற இடத்தில் ‘தேவைப்பட்டால்’ என்று போட்டேன். சனிக்கிழமை மதியம் மருத்துவர் நின்றபடியே நாற்பது ஐம்பது சம்மரிகளில் கையெழுத்துப் போடுவார். இதை நடுவில் செருகினேன். போனில் யாரிடமோ விசா பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதத்தில் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்.

உண்மையான அறிக்கையைக் கோப்பில் வைக்க முடியாது. கிழிக்கவும் எனக்குக் கை வரவில்லை. அத்தனை வருடத்தில் ஒரு தாளைக்கூடக் கிழித்தவன் இல்லை நான். வீட்டுக்குக் கொண்டுபோய், என் பட்டச் சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன்.

“மூணு மாசத்துக்கு ஒருக்கா நீ கொண்டு வந்து காட்டணும். என் லிஸ்டில் அவள் பெயர் இருக்காது, கேட்டியா?” என்று அண்ணனிடம் சொன்னேன்.

“நான் பாத்துக்கிடுதேன்.”

ஒரு முறை ஏதோ சாக்குச் சொல்லிக் கூட்டி வந்தான். பிறகு கல்யாணம் ஆகி அவள் கன்னியாகுமரிக்குப் போனாள். அங்கிருந்து, ஆறிப்போன மச்சத்தைக் காட்டுவதற்கு ஒருத்தியைத் தக்கலை வரை கூட்டிவர அவனுக்குச் சாக்கு கிடைக்கவில்லை. அவள் கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்து, வேறொரு கல்யாணப் பந்தியில் அவனைப் பார்த்து மெதுவாகக் கேட்டேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு எழுந்து போனான். நான் இலையை மடக்கிவிட்டு வந்தேன். அந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். நல்ல பிரிவுபசாரம் நடந்தது. என் பட்டியலைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்.

எட்டு ஒன்பது வருடம் கழித்து மருத்துவமனை பழைய கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்யத் தொடங்கியது. பழைய பதிவேடுகளின் முறை தெரிந்த ஆள் வேண்டும் என்று வாரத்தில் இரண்டு நாள் என்னைக் கூப்பிட்டார்கள். மனைவி போய்விட்ட வீட்டில் இருப்பதற்கு அது பரவாயில்லை. அங்கே கோடிங் பார்த்தவள் கருங்கல் ஊர்க்காரி. சென்னையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு ஊருக்குத் திரும்பியிருந்தாள். எந்தத் தாளையும் நம்பாதவள். நோயியல் அறிக்கையையும் சம்மரியையும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கோப்பை நகர்த்துவாள்.

“சார் காலத்து ஃபைலெல்லாம் இவ்வளவு சுத்தமா இருந்தா நான் எதுக்கு? வீட்டுல போயி இருக்கட்டா?” என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை அவள் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டு வந்தாள்.

“சார், கன்னியாகுமரியிலேர்ந்து ஒரு பேஷன்ட். இஞ்ச குதிகாலில மச்சம் எடுத்திருக்காங்க. இப்போ அதே தழும்புல மெலனோமா. உள்ள எறங்கியாச்சு, சி 43.7. தொடை இடுக்கில நெறியும் கெட்டியிருக்காம். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில பழைய பயாப்சி ரிப்போர்ட் கேக்காங்க. பழசும் இதுதானா, இல்ல இது புதுசான்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு வெட்டணும்னு முடிவு பண்ணுவாங்களாம். நம்ம ஃபைல்ல ரிப்போர்ட்டே இல்ல. லேப்ல கேட்டேன். லேப் கைமாறினப்போ பழைய ரெஜிஸ்டரும், சதைய மெழுகுல வச்ச கட்டையும் எல்லாம் போச்சாம்.”

நான் கோப்பின் மேலட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து.

“கிடைக்கலைன்னு எழுதி அனுப்பிரட்டா?”

“கொஞ்சம் பொறு. தேடிப் பார்ப்போம்” என்றேன்.

தேடுவதற்கு ஒன்றும் இல்லை. அது என் வீட்டு அலமாரியில் இருந்தது. நான்கு நாள் நான் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அவள் எழுதினால் விஷயம் அதோடு முடியும் என்று எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் செய்ததற்காவது, அவசரம், தாட்சண்யம் என்று ஏதாவது சொல்லலாம். அந்த நான்கு நாளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் உறையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மகன் வயது இருக்கும் அவருக்கு. பொறுமையாகக் கேட்டார்.

“சார், நீங்க சொல்லுதது செரி. ஆனா ரிப்போர்ட்டுக்கும் சம்மரிக்கும் சேர்ச்ச இல்ல. இதுல சீல் வச்சுக் குடுத்தா ரெண்டுல எது உண்மைன்னு கேப்பாங்க. முதல்ல சம்மரியத் திருத்தணும். அதை, கையெழுத்துப் போட்ட டாக்டர்தான் திருத்தணும். விதி அப்பிடியாக்கும்.”

அந்த விதியை எழுதிக்கொடுத்தது நான். மருத்துவமனையின் ஆவணக் கையேட்டில் இன்னும் இருக்கிறது.

அந்த மருத்துவரைப் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அவருக்கு அந்தப் பெண்ணை ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்க நியாயமும் இல்லை. கோப்பை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். கோப்பை வெளியே அனுப்ப நிர்வாகம் மறுத்தது. நோயாளியின் ரகசியமாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவனின் சித்தி மகளெல்லாம் புரட்டிப் பார்த்த கோப்பு, எழுதிய மருத்துவருக்குப் போகக் கூடாது என்றார்கள். நான் குரலை உயர்த்தினேன். உயர்த்திப் பிரயோஜனம் இல்லை. நான் செய்ததை வைத்துக்கொண்டு யாரைக் குற்றம் சொல்வது?

கணினிப் பிரிவுக்குப் போனேன்.

“அந்த அட்மிஷன் குளோஸ் ஆயாச்சு, சார். லாக்காக்கும்” என்றான் அங்கிருந்தவன்.

“எப்படித் திறப்பது?”

“டாக்டருக்க லாகின் வேணும்.”

“டாக்டர் போய் பத்து வருடம் ஆகிறது.”

“அப்போ அவருக்கு லாகின் இருக்காது.”

“பின்னே?”

“பின்னே தொறக்காது.”

அவன் கேலி செய்யவில்லை. உள்ளதைச் சொன்னான்.

மறுபடி கண்காணிப்பாளர். அடுத்த மாதம் தரச்சான்றுக்கு ஆய்வுக்கு வருகிறார்கள், அது முடியட்டும் என்றார். நான் எழுதிக்கொண்டு போன வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்து, “வயசான காலத்துல உங்களுக்கு என்னத்துக்கு சார் இந்தப் பாடு” என்றார். கமிட்டி கூடும் என்றார்கள், கூடவில்லை. படிவம் ஒன்று நிரப்பச் சொன்னார்கள். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் நான்கு விடைகள் அச்சிட்டிருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘வேண்டுமென்றே மாற்றப்பட்டது’ என்பது அதில் இல்லை. பக்கத்தில் எழுதினேன். படிவம் திரும்பி வந்தது.

ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. அதற்குள் திருவனந்தபுரத்தில் மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டத்தில் அவளுடைய பெயர் இரண்டு முறை அடுத்த வாரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. பழைய தாள் வரவில்லை என்பதற்காக. அவள் கணவன் கருங்கல்காரிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். அன்றைக்கு அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். என்ன நடந்தது என்று அதற்குள் அவளுக்குத் தெரியும்.

“சார், ஒண்ணு கேக்கட்டா? கோவப்படப்பிடாது.”

“கேளு மக்கா.”

“அந்த ரிப்போர்ட்டு பேஷன்டுக்குள்ளது. ஒரிஜினலு உங்க கையில உண்டு. கொண்டுபோயி அவங்க கையில குடுக்கதுக்கு லாகினும் கமிட்டியும் என்னத்துக்கு?”

திரும்பி வந்த படிவத்தை நான் மேசையில் நேராக வைத்தேன்.

“அவங்க மொகத்தப் பாக்கப் பேடிச்சுத்தானே இஞ்ச கெடந்து ஓடுதீங்க?”

என்னை அங்கே யாரும் அப்படிப் பேசியதில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. சம்மரி திருந்தி, முத்திரை விழுந்து, தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டியிராது. ஐந்து வாரமும் அடுத்தவர்கள் மேல் எரிந்து விழுந்துகொண்டு நான் தேடியது அந்த வழியைத்தான்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிக் கன்னியாகுமரிக்குப் போனேன். லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. துணி உலர்த்திய கயிறு காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை ஒரு முக்காலி மேல் நீட்டியிருந்தாள். கணவன் வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் யார் என்று சொன்னதும், பழைய தாள் கிடைத்துவிட்டது என்று நினைத்து இருவர் முகமும் மலர்ந்தது. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

நின்றுகொண்டே சொன்னேன். அறிக்கை என்ன, நான் எழுதியது என்ன, யார் கேட்டு எழுதினேன், ஏன் பட்டியலில் அவள் பெயர் இல்லை, கடைசியில் நான்கு நாளும் ஐந்து வாரமும். அவள் கணவனை உள்ளே இருந்து ஒரு கோப்பை எடுத்து வரச் சொல்லி, அதிலிருந்து நான் தட்டச்சு செய்த சம்மரியை எடுத்தாள். மடிப்பு மடிப்பாகத் தேய்ந்திருந்தது.

“இதைத்தான் சார் எட்டு மாசம் இஞ்ச உள்ள டாக்டர்கிட்டக் காட்டினேன். மச்சம் எடுத்த தழும்பு, நடந்து நடந்து ஆணி வந்திருக்குன்னு பிளாஸ்திரி போட்டாரு. கறுத்துட்டு வருதேன்னு நான் சொல்லும்போ எல்லாம் இந்தத் தாளைப் பாத்தாரு.”

அவள் சம்மரியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணன் சொன்னாருன்னா, அவரு பயந்தாங்குளி. அவருக்குப் பள்ளிக்கூடத்துப் படிப்புதான். நீங்க படிச்சவங்கல்லா?”

“ஆமா.”

“எனக்க காலு. எனக்குத் தெரியாண்டாமா?”

கணவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். “சொல்லியிருந்தா நாங்க கெட்டியிருக்க மாட்டோம்” என்றான், யாரிடம் என்றில்லாமல். “அம்மை சம்மதிச்சிருக்க மாட்டா. உள்ளது அதுதான்.”

“கெட்டாண்டாம்” என்றாள் அவள். “காலு இருந்திருக்கும்லா.”

மூல அறிக்கையையும், நான் கையால் எழுதிக் கையெழுத்திட்ட இரண்டு பக்க வாக்குமூலத்தையும் முக்காலியில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் அவர்கள் அதைத் திருவனந்தபுரத்தில் காட்டினார்கள். மருத்துவர் வாங்கிப் பார்த்து, இது போதுமே, முத்திரை எதற்கு என்றாராம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. குதிகாலை அகலமாக வெட்டித் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். தொடை இடுக்கில் எடுத்த நெறிகளில் ஒன்றில் புற்று இருந்தது. அந்த ஐந்து வாரத்தில் பரவியதா, அதற்கு முன்பே பரவியதா என்று பிற்பாடு நான் அந்த மருத்துவரிடமே கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். யாராலும் சொல்ல முடியாது.

அவளுடைய அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, தெரு கேட்க என்னை ஏசினான். “பத்து வருஷம் வாயப் பொத்திட்டு இருந்தேருல்லா? சாவது வரைக்கும் பொத்தினா என்னவே? எனக்க தங்கச்சி இப்ப எனக்க வாசல்ல கால் வைக்க மாட்டேன்னுட்டா” என்றான். நேற்றுவரை அண்ணாச்சி என்றவன். எனக்குக் கோபம் வரவில்லை. அவனும் நானும் சேர்ந்து செய்ததற்கு அவனுக்கு ஏச ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மருத்துவமனையில், ஸ்கேன் வேலை முடிந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்றார்கள். வேலை முடியவில்லை. ஆய்வு முடிந்து பல மாதம் கழித்துக் கருங்கல்காரி போன் செய்தாள். ஒருவழியாகப் பிற்சேர்க்கை ஒன்றை அனுமதித்துவிட்டார்களாம். இப்போது அந்தக் கோப்பில் டி 03.7 என்று இருக்கிறது. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பது அதில் இல்லை. ‘எழுத்தர் பிழை’ என்று போட்டிருக்கிறார்களாம்.

அறுவை சிகிச்சை ஆகி மூன்றாம் மாதம் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். முதல் செக்கப்புக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், புதன்கிழமை அறிக்கை கிடைக்கும், நீங்கள் வர வேண்டும் என்றாள்.

“நான் எதுக்கு மக்களே?”

“ரிப்போர்ட்டை வாசிக்க.”

“உனக்கு வாசிக்கத் தெரியுமே.”

“தெரியும். நீங்க வாசிக்கணும். தமிழில, சத்தமா, ஒரு வார்த்தை விடாம.”

அப்படித் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளும் கணவனும் கன்னியாகுமரியில் திருவனந்தபுரம் ரயில் ஏறுவார்கள். நான் இரணியலில் ஏறுவேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று யாராவது நினைத்தால் தவறு. ரயிலில் என்னோடு அதிகம் பேசமாட்டாள். ஊன்றுகோலைப் பிடிக்கக் கை நீட்டினால் வேண்டாம் என்பாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உறையை வாங்கி என்னிடம் தருவாள். அவள் உள்ளே போய் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால், பெஞ்சில் உட்கார்ந்து பெயரிலிருந்து கையெழுத்து வரை நான் வாசிக்க வேண்டும். முதல் தடவை ‘அந்த நோய்’ என்று சொன்னேன். “என்ன நோயி?” என்றாள். புற்றுநோய் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ம், மேல வாசியுங்க” என்றாள்.

ஐந்து முறை வாசித்துவிட்டேன். ஐந்து முறையும் புதிதாக ஒன்றும் இல்லை என்றே வந்தது.

போன மாதம் ஆறாவது. உறையை அவள் கணவன் வாங்கி வந்தான். அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டிருந்தான். அவனுக்கு ஆங்கிலம் போதுமான அளவு வரும். தாளை என்னிடம் தரும்போது பிடியை விடவில்லை. என் பக்கம் குனிந்தான்.

“சார், கடைசிக்கு மேல ஒரு வரி உண்டு. டாக்டர் பொறவு சொல்லிக்கிடட்டு. இப்ப அத விட்டுருங்க. எங்க மோளுக்குப் பரீட்சை நடக்கு. இவ ஒறங்க மாட்டா.”

நல்ல மனிதன். அவளைத் தாங்குகிறவன். அந்த முகத்தை நான் அறிவேன். பல வருடத்துக்கு முன்னால் என் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற முகம்தான். என் நெஞ்சில் எழுந்த இரக்கமும் அன்றைக்கு எழுந்த அதே இரக்கம். ஒரே ஒரு வரி. விட்டுவிட்டால் அவள் இன்று வீட்டுக்குப் போய்த் தூங்குவாள்.

அவள் வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “வாசியுங்க” என்றாள்.

வாசித்தேன். குதிகாலில் மறு வளர்ச்சி இல்லை. ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்திருக்கிறது. தொடை இடுக்கில் நெறி இல்லை. கல்லீரல் சரி. அடுத்த வரிக்கு வந்தேன். கணவன் என் முழங்காலைத் தொட்டான்.

“வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு புள்ளி. முந்தைய ஸ்கேனில் இல்லை. தன்மை இப்போது சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கவும்.”

கணவன் எழுந்து வராந்தாவின் மறு முனைக்குப் போய் நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என் முழங்காலைப் பார்த்தாள், அவன் கை வைத்திருந்த இடத்தை.

“விடச் சொன்னாங்களா?”

“ஆமா.”

உள்ளே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் பெயர் இல்லை.

“அந்த வரிய மறுக்கா வாசியுங்க” என்றாள்.

மறுபடி வாசித்தேன். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்தாள். எழும்போது கொஞ்சம் தடுமாறினாள். நான் கை நீட்டவில்லை. வேண்டாம் என்பாள் என்று தெரியும். அவளாகவே என் தோளைப் பிடித்து நிமிர்ந்து, கையை எடுத்துக்கொண்டு, கணவன் நின்ற பக்கமாக நடந்தாள்.

அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.